அக்கா தெருமுனையில் நிற்கவில்லை

நீ பொய் சொன்னாய்.

தோளில் சால்வையோடு மேடையில் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "ஆரணியில மொதமொதல்ல மராத்தான் தூரம் ஓடி முடிச்சது நாங்க நாலு பேருதான். ஒரு அம்மாவும் ஆசைப்பட்டு வந்தாங்க. பாவம், தெருமுனையோட நின்னுட்டாங்க" என்றாய். கூட்டம் சிரித்தது. உன் பட்டுக்கடை ஆட்கள் கை தட்டினார்கள். ஓட்டக் குழுத் தலைவர் பேசினால் தட்டத்தானே வேண்டும்.

உனக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் நான்கு முகங்கள். சைக்கிள் கடை அண்ணன் தம்பி, நீ, நான். பல வருடத்துக்கு முன்னால் நாம் ஓடிய அன்றைக்கு நான் ஓடி முடிக்கவில்லை. கண்ணமங்கலத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் படுத்து, பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தவன். அது உனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் வந்தவனுக்குப் பேனரில் இடம். ஓடி வந்தவருக்கு "பாவம்".

அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்தாள். காலையில் உங்கள் குழு நடத்திய ஓட்டத்தில் ஓடி, கழுத்தில் மெடலோடு நின்றாள். நீ பாவம் என்றாயே, அந்த அக்காவின் தங்கை மகள். சின்ன வயதிலிருந்து பெரியம்மா கதையைக் கேட்டு வளர்ந்தவள், அதனால்தான் ஓடவே ஆரம்பித்தாள். நீ பேசி முடித்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, எங்க பெரியம்மா என்கிட்ட பொய் சொல்லிகினு இருந்தாங்களா?"

நான் இல்லை என்றேன். அவள் பேனரில் இருந்த என் முகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மெடலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா செத்து இரண்டு வருடம் ஆகிறது. அவரால் வந்து பதில் சொல்ல முடியாது. அந்தத் தைரியம்தான் உனக்கு. எனக்கு இன்னும் வாய் இருக்கிறது, சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாரே, அவர்தான் அக்கா. வீடு சர்ச்சுக்குப் பக்கத்தில். அப்போது யாரிடமும் செல்போன் கிடையாது. வெளியூரில் மகனோ புருஷனோ இருந்த பாதி ஊர் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசியிருக்கிறது, அழுதிருக்கிறது. அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற பொம்பளைகளிடம், "உன் வூட்டுக்காரு எப்படிக் கீறாரு?" என்று திருப்பிக் கேட்பார்.

அக்காவிடம் ஒரு குணம். எது எங்கே முடிகிறதோ அங்கேதான் முடியவேண்டும். நடுவில் ஒருவன் வந்து "போதும்" என்றால் அவருக்குப் பிடிக்காது.

நம் ஊர் தியேட்டரில் கடைசிச் சண்டை முடிவதற்குள் கதவைத் திறந்துவிடுவான். ஜனம் எழுந்து திரையை மறைத்துக்கொண்டு வேட்டியை உதறும். "உக்காருங்கடா, படம் இன்னும் கீது" என்று அக்கா கத்துவார். பெயர்கள் ஓடி, திரை வெள்ளையாகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். பெருக்க வந்தவர் துடைப்பத்தோடு காத்துக்கொண்டு நிற்பார். கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். இரண்டு பக்கமும் இலை மூடிவிட்டு எழுந்து போயிருப்பார்கள், அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். அக்கா மட்டும் பாயசம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவரோடு ஒரு இடத்துக்குப் போனால் நமக்குத்தான் மானம் போகும்.

ஒருமுறை பஸ்ஸிலும் மானம் போனது. அவர் தங்கையை, சமணக் கோயில் இருக்கும் திருமலைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கொடுத்திருந்தார்கள். நான் அரிசி மில்லில் எலக்ட்ரீஷியன். தங்கை வீட்டுக் கிணற்று மோட்டாரைப் பார்க்க அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஊருக்குள் போகவேண்டும். ஆனால் கண்டக்டர் கூட்டு ரோட்டிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புவது வழக்கம். எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். அக்கா இறங்கவில்லை.

"எறங்குமா, வண்டி திரும்பணும்."

"போர்டுல எந்த ஊரு எழுதிக்கீது?"

"போர்டை வுடும்மா. பத்து பேருக்காக உள்ள போவ முடியுமா?"

"பத்து பேரு எறங்கிட்டாங்க. நான் ஒருத்திதான். எனக்காகப் போ."

"பேஜார் புடிச்ச பொம்பளையா கீதே" என்றார் கண்டக்டர். டிரைவர் பீடி பிடித்து முடித்தார். வெயிலில் நின்ற நாங்கள், "யம்மா, வாம்மா, நடந்தா கா மணி நேரம்" என்று கெஞ்சினோம். அக்கா ஜன்னல் வழியே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டிரைவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். இறங்கிய நாங்கள் எல்லோரும் ஓடிப்போய் மறுபடி ஏறினோம். ஊருக்குள் பஸ் வந்ததைப் பார்த்து ஆடு மேய்த்தவர்கள் எழுந்து நின்றார்கள். திரும்பும் நேரம் தவறி, அந்த பஸ்ஸை நம்பியிருந்த சிலருக்கு வேலூர் வண்டி போய்விட்டது. அவர்கள் அக்காவைத் திட்டினார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். அவரால் எல்லோருக்கும் நல்லது நடந்தது என்று நான் சொல்லவரவில்லை.

உனக்கு அக்காவை அந்த ஓட்டத்துக்கு முன்பே தெரியும். பூத்தில் ஒரு அம்மா, பட்டாளத்தில் இருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். நீ பெங்களூர்ப் பார்ட்டியோடு பேசவேண்டும் என்று கண்ணாடியைத் தட்டினாய். "இன்னாம்மா, ரெண்டு வார்த்தை பேசி வெச்சிடறதுதானே, ஜல்தி" என்றாய். அக்கா எழுந்து வந்து உன் கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிட்டார்.

"அவங்க பேச்சு எங்க முடியுதுன்னு அவங்களுக்குத் தெரியும். உனக்கு எப்படிறா தெரியும்?"

அன்றைக்கு நீ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய். அதை நீ மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஓடும் யோசனை பூத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பிறந்தது. டிவியில் ஏதோ வெளிநாட்டு மராத்தான். ஒல்லியாக ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டராம் என்று சைக்கிள் கடை அண்ணன் சொன்னான். "இன்னாடா பெரிய தூரம்? நம்மால முடியாதா?" என்றாய். உன் புது ஸ்கூட்டரில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே போனோம். உங்கள் தெருக் கடைசியில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் கிளம்பி, கண்ணமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவந்தால் சரியாக இருந்தது. நீ, அண்ணன் தம்பி, நான் என்று நாலு பேர் முடிவு செய்தோம்.

"நானும் வரேன்" என்று பூத்திலிருந்து குரல் வந்தது.

"அக்கா, ஃபோனை யாரு பாத்துப்பாங்க?" என்று சிரித்தாய்.

"ஃபோனுக்குக் காலு கிடையாது. எங்கயும் போவாது."

மூன்று மாதம் கமண்டல நாகநதி மணலில் ஓடிப் பழகினோம். ஆற்றில் தண்ணீர் இல்லாததற்கு அப்போதுதான் சந்தோஷப்பட்டோம். அக்கா சுடிதாரும் அவர் அண்ணனுடைய பழைய கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு வருவார். முன்பக்கம் துணி திணித்தால்தான் ஷூ காலில் நிற்கும். நம்மைவிட மெதுவாகத்தான் ஓடுவார். நீ அவருக்கு பாசஞ்சர் என்று பெயர் வைத்தாய்.

"பாசஞ்சர் வந்துகினு கீதுடா, கேட்டை மூடு" என்பாய்.

"பாசஞ்சரும் ஊரு போய்ச் சேரும்டா" என்பார் அக்கா. மூச்சு வாங்கும்போதும் பதில் சொல்லாமல் விடமாட்டார்.

என்றைக்கு ஓடுவது என்பதில்தான் நாம் தப்புச் செய்தோம். ஞாயிறு என்றாய் நீ. ஞாயிறு எனக்கு சர்ச்சு, அமாவாசையில் வைத்துக்கொள்ளலாமே என்றார் அக்கா. "அமாவாசை இருட்டுல ஓடி எவன் பல்லை ஒடச்சிக்கறது? ஒலகம் பூரா ஞாயித்துக்கெழமதான் ஓடறான்" என்று அடக்கினாய். உங்கள் தறிக்காரத் தெருவுக்கு லீவு அமாவாசைதான், ஞாயிறு இல்லை. நீயும் அண்ணன் தம்பியும் தறி வீட்டில் பிறந்தவர்கள். மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை. டிவி பார்த்துக் கெட்டோம். அக்கா, "சரி, கர்த்தர் ஒரு வாரம் பொறுத்துப்பாரு" என்று ஒத்துக்கொண்டார்.

விடிவதற்கு முன் கோயிலிலிருந்து கிளம்பினோம். நெல் அவிக்கிற வாசனையைத் தாண்டி, வேலூர் ரோட்டைப் பிடித்தோம். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்து, "இன்னாபா, போலீஸ் வேலைக்கா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். நீங்கள் மூன்று பேரும் முன்னால், நான் நடுவில், அக்கா கடைசியில். திரும்பும் வழியில் கண்ணமங்கலத்தில் என் கால் இழுத்துவிட்டது. டீக்கடைக்காரர் காலில் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அக்காவும் திரும்பி வந்தார். முகம் சிவந்து, உதடு வெளுத்துப்போயிருந்தது. ஓட்டத்தை விடாமல், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா ஆச்சு?"

"முடியலக்கா. இதோட போதும்."

முடியும், எழுந்திரு என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "உன் காலு. போதும்னு நீ சொன்னா போதும்தான்" என்றார். என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். எனக்குக் கால் நேராக வெகுநேரம் ஆனது. அப்புறம் நான் பஸ்ஸில் வரும்போது, ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்த அவரை ஜன்னல் வழியே பார்த்தேன். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி மில்லில் ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு உங்கள் தெருவுக்கு வந்தேன். நீங்கள் மூன்று பேரும் முன்பே வந்து முடித்துவிட்டிருந்தீர்கள். அண்ணன் தம்பி வீட்டுக்குப் போயாகிவிட்டது. நீங்கள் வந்தபோது தெருவில் பாவு போட ஆரம்பித்திருந்தார்கள், நீங்கள் ஓரமாக ஓடிக் கோயிலைத் தொட்டீர்கள். நான் வந்தபோது தெருமுனையிலிருந்து கோயில் கிட்ட வரைக்கும் பாவு. நெய்யப்போகிற பட்டு நூல் முழுவதையும் இழுத்துக் கட்டி, கஞ்சி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சாக்கடை ஓரமாக ஒரு ஆள் போகும் வழிதான் மீதி. பாவை யாரும் தாண்டமாட்டார்கள். நம் ஊர் நாய்கூடத் தாண்டாது. அந்தப் பாவு உங்கள் வீட்டுப் பாவு.

வெயில் ஏறிய பிறகு அக்கா தெருமுனைக்கு வந்தார். ஓட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனால் நடக்கவும் இல்லை. இடது ஷூவில் ரத்தம் ஊறியிருந்தது. சாக்கடை ஓரமாக அவர் நுழையப்போனபோது உன் பெரியப்பா குச்சியைக் குறுக்கே நீட்டினார்.

"எங்க வர? பொம்பளை, வேர்வையோட, ரத்தத்தோட பாவு ஓரம் வரக்கூடாது."

யார் வைத்த சட்டம் அது? உன் பெரியம்மா அந்தப் பாவுக்குக் குனிந்து கஞ்சி தேய்த்துக்கொண்டிருந்தார். ரவிக்கை முதுகில் ஒட்டிக்கிடந்தது. அது வேர்வை இல்லையா? அதற்கு முன்னால் நீங்கள் மூன்று பேர் வேர்வை சொட்டச் சொட்ட அதே ஓரத்தில் ஓடினீர்களே, அது பன்னீரா? அந்தச் சட்டம் அந்த நிமிஷத்தில், அந்த ஒரு ஆளுக்காகச் செய்த சட்டம். அது உனக்கும் தெரியும். நீ பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சோடாவை உடைத்து எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தாய்.

"அக்கா, இங்கயே நின்னுடுங்க. இதுவே முடிஞ்ச மாதிரிதான். நான் சேத்துக்கறேன்."

அக்கா சோடாவை வாங்கவில்லை. "கோயில் எங்க கீது?" என்று கேட்டார்.

"அங்க. தெருக் கடைசியில."

"அப்போ இன்னும் முடியல."

பாவை ஒருமுறை பார்த்தார். தாண்டியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம், அதில் அவர் கெட்டிக்காரர். இரண்டையும் செய்யவில்லை. திரும்பி, வந்த வழியே ஓட ஆரம்பித்தார். நீ என்னைப் பார்த்து, "வுடுடா, கோவம். வூட்டுக்குப் போவுது" என்றாய்.

வீடு இடது பக்கம். அக்கா வலது பக்கம் திரும்பினார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். கடைத்தெருவைச் சுற்றி, அரிசி மில் சந்துக்குள் நுழைந்து, ஆற்றங்கரை மேட்டில் ஏறி, உங்கள் தெருவின் அந்தக் கடைசிக்குப் போகிற வழி அது. நல்ல காலோடு நடப்பவனே சலித்துக்கொள்ளும் சுற்று. ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்க வந்த கூட்டம் அப்படியே நின்று பார்த்தது.

"யாரும்மா தொரத்தறாங்க?" என்று வாழைப்பழக்காரர் கேட்டார்.

"யாரும் இல்ல. புள்ளையார் கோயிலுக்குப் போறேன்."

"நீ சர்ச்சு ஆளாச்சே?"

"இன்னிக்கி மட்டும்."

மேட்டில் ஏறும்போது அக்காவின் முழங்கால் மடங்கியது. கையை ஊன்றி எழுந்தார். "சைக்கிள்ல குந்துக்கா, யாரு பாக்கப்போறாங்க?" என்றேன்.

"நீ பஸ்ல வந்தவன். கம்னு வா."

நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

தெருவின் அந்தக் கடைசியில் பாவு இல்லை. அக்கா கோயில் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். நம் ஐந்து பேரில் அன்று அதிக தூரம் ஓடியவர் அவர்தான். மராத்தானுக்கும் மேலே ஓடியவர். உன் பெரியம்மா கஞ்சிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பாவை விட்டுவிட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். உன் பெரியப்பா ஏதோ கத்தினார். பெரியம்மா காதில் வாங்கவில்லை. "குடி தாயி, மெதுவா" என்றார்.

நீ எங்கே இருந்தாய்? அந்தக் கோயில் படியில். கையில் பாதி வாழைப்பழத்தோடு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

"இன்னாக்கா, இதுக்கா இவ்ளோ பேஜாரு? அங்கயே முடிஞ்சதுன்னு நான்தான் சொன்னேனே" என்றாய்.

"நீ சொன்ன. நான் இப்பதான் முடிச்சேன்" என்றார் அக்கா.

நீ பழத்தோலை எறிந்துவிட்டு உன் வீட்டுக்குள் போனாய்.

அன்று சாயந்திரம் பூத் திறந்திருந்தது. காலை பக்கெட்டுத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். நான் உன் பெரியப்பாவைத் திட்டினேன். பாவைத் தாண்டிப் போயிருக்கவேண்டும் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"பாவைத் தாண்ட எனக்கு உரிமை இல்லடா. அது அவங்க சோறு. நில்லுன்னு சொல்ல அவனுக்கும் உரிமை இல்ல."

அப்புறம் அதைப் பற்றி ஊரில் அவர் பேசவே இல்லை. செல்போன் வந்தது, பூத்தை மூடினார், தங்கை ஊருக்குப் போனார். அங்கே தங்கை மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது நான் பார்க்கப் போனேன். அப்போதும் உன்னைப் பற்றிக் கேவலமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கட பெருசாக்கிட்டானாமே" என்றார். அவ்வளவுதான்.

நீ மறந்துவிட்டாய் என்று சொல்லாதே. மறந்திருந்தால் அவரைப் பற்றிப் பேசியே இருக்கமாட்டாய். நீ ஞாபகம் வைத்துக்கொண்டுதான் பொய் சொன்னாய். அக்கா கோயிலுக்கு வந்து சேர்ந்ததைச் சொன்னால், ஏன் சுற்றி வந்தார் என்று கேட்பார்கள். நிறுத்தியது யார் என்று கேட்பார்கள். அப்போது நீ எங்கே நின்றாய் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து ஒரு பொம்பளையைத் தெருமுனையிலேயே நிறுத்திவைத்துவிட்டாய், இத்தனை வருடம் கழித்தும்.

நீ பேசிய மறுநாள் காலையில், விழா நடந்த மைதானத்துக்குப் போய் பிளேடால் பேனரில் என் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். உன் ஆட்கள் யார் வெட்டியது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம். விசாரிக்க வேண்டாம். நான்தான்.

இப்போது நீ பதில் சொல். எனக்கு ஃபோன் போடாதே, கடைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்காதே. வருகிற அமாவாசைக் காலையில் உங்கள் தெரு காலியாக இருக்கும். பிள்ளையார் கோயில் படிக்கு வா. உன் ஓட்டக் குழு வரட்டும். உன் பெரியம்மா இன்னும் இருக்கிறார், அவரையும் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவை. அந்தப் பெண்ணை நான் கூட்டி வருகிறேன். அவள் உன் எதிரில் நிற்பாள்.

"ஒரு அம்மா" என்று சொன்னாயே, அந்த அம்மாவுக்குப் பெயர் உண்டு. இங்கே நான் எழுதவில்லை. அது உன் வாயால் வரவேண்டும். அந்தப் பெயரைச் சொல்லி, அந்தக் கோயில் சுவரைத் தொட்டாரா இல்லையா என்று ஊருக்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் சொல்.